சிடி படிக்காத பழைய லேப்டாப்: என் மேசைக்கு வரும் கேள்விகள்

வேலூரைப் பற்றி ஊரார் சொல்லும் 'இல்லாத' பட்டியல் ஒன்று உண்டு. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சாமி இல்லாத கோயில் என்பதும் அதில் இருந்தது. 1981இல் ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் திரும்பி வந்ததும் அந்த வரி பொய்யாகிவிட்டது. காலியான இடத்துக்கு நான் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: சிடி படிக்காத லேப்டாப்.

காட்பாடியில் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் பழைய லேப்டாப்புகளைப் பழுது பார்க்கிறேன். இப்போது வருகிற லேப்டாப்புகளில் சிடி டிரைவே கிடையாது. அதனால் என்னிடம் வருபவை பெரும்பாலும் 2002க்கும் 2012க்கும் இடையில் வாங்கியவை. கொண்டு வருகிறவர்களுக்கு அந்தப் பெட்டியின் மேல் பெரிய பற்று இருப்பதில்லை. அதற்குள் போட வேண்டிய வட்டின் மேல்தான். கல்யாண வீடியோ, மகளின் அரங்கேற்றம், இறந்துபோன அப்பா பேசியது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சிடி போட்டால் எந்த அசைவும் இல்லை. டிரைவ் செத்துவிட்டதா?

அவ்வளவு சீக்கிரம் சாகாது. முதலில் காதை அருகில் வைத்துக் கேளுங்கள்.

தட்டை உள்ளே தள்ளியதும் 'கிர்ர்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். லென்ஸைச் சுமக்கும் வண்டி வட்டின் நடுப்பகுதிக்கு நகரும் சத்தம் அது. சிடியானாலும் டிவிடியானாலும் படிப்பு நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகும். அடுத்து லென்ஸ் மேலும் கீழும் அசைந்து, ஒளிப்புள்ளி கூர்மையாக விழும் உயரத்தைத் தேடுகிறது. போன ஒளி சரியாகத் திரும்பி வந்தால்தான் உள்ளே வட்டு இருக்கிறது என்று டிரைவ் நம்பும். பெரும்பாலான டிரைவ்களில் மோட்டார் வேகம் பிடிப்பது அதற்குப் பிறகுதான்.

ஆகவே 'மோட்டார் சுற்றவில்லை, மோட்டார் போய்விட்டது' என்று முடிவு கட்டாதீர்கள். லென்ஸ் மேல் படலம் படிந்து ஒளி திரும்பாவிட்டாலும் மோட்டார் சும்மாதான் இருக்கும். கண்ணில் தூசி விழுந்தவனுக்குக் காலில் கட்டுப்போடும் வைத்தியம் வேண்டாம்.

சுற்றத் தொடங்கி, நின்று, மறுபடி சுற்றி, இப்படி இரண்டு மூன்று தடவை முயன்று ஓய்ந்துவிட்டால், வட்டு இருப்பது தெரிகிறது, எழுத்துதான் தெரியவில்லை என்று பொருள். லென்ஸ் அழுக்கு, லேசர் பலவீனம், வட்டின் கோளாறு, மூன்றில் ஒன்று. கரகரவென்று உராய்ந்தால் வட்டு சரியாக உட்காரவில்லை. மேசைக் கணினியில் தட்டின் மேல் சிடியை வைத்தால் போதும், உள்ளே போனதும் மேலிருந்து ஒரு கவ்வி பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பில் அந்த மேல் கவ்வி கிடையாது. நடுக் குமிழில் உள்ள மூன்று சிறு பற்கள் பிடிக்கும்வரை, 'டக்' என்று கேட்கும்படி, நடுவில் இரண்டு விரலால் அழுத்த வேண்டும். இந்த ஒரு 'டக்' போதாமல் ஒடுகத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் காசு வாங்க எனக்கு மனம் வந்ததில்லை.

சத்தமும் இல்லை, முகப்பு விளக்கும் எரியவில்லை என்றால் அது மின்சாரம் அல்லது இணைப்புப் பிரச்சினை. அதைக் கீழே சொல்கிறேன்.

டிவிடி படம் ஓடுகிறது. பாட்டு சிடி மட்டும் ஓடவில்லை. இது எப்படி?

இப்படி ஒரு பழுது இருக்கும் என்று சொன்னால் பலர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். உங்கள் டிரைவில் ஒரு கண் அல்ல, இரண்டு ஒளிகள் இருக்கின்றன. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். டிவிடியின் தடங்கள் நெருக்கமானவை, ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் 0.74 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. சிடியில் அது 1.6. அதனால்தான் நுண்ணிய ஒளி தேவைப்படுகிறது. லென்ஸ் பொதுவாக இருந்தாலும் லேசர்கள் தனித்தனி. ஒன்று தேய்ந்து மற்றொன்று நன்றாக இருப்பது சாதாரணமாக நடப்பதுதான். துடைத்தும் சரியாகவில்லை, எல்லாச் சிடிகளும் மறுக்கப்படுகின்றன, எல்லா டிவிடிகளும் ஓடுகின்றன என்றால் அந்த லேசர் முடிந்துவிட்டது. டிரைவை மாற்றுவதே வழி.

இதற்கு நேர்மாறாக, 'சிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை' என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது தட்டின் முகப்பில் அச்சிட்ட சின்னத்தை. அங்கே டிவிடி என்ற எழுத்தே இல்லாவிட்டால் அந்த டிரைவ் பிறவியிலேயே சிடிக்கு மட்டுமானது. 2003 வாக்கில் விலை குறைந்த லேப்டாப்புகளில் இது சகஜம். இருபது வருடம் கழித்துப் பரணிலிருந்து இறக்குகிறவருக்கு அது நினைவிருக்காது.

சோதனைக்கு எப்போதும் மூன்று வட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்: கடையில் வாங்கிய அசல் பாட்டு சிடி ஒன்று, அசல் பட டிவிடி ஒன்று, வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பதிந்தது ஒன்று. ஒரே ஒரு வட்டைப் போட்டுப் பார்த்து டிரைவுக்குத் தண்டனை கொடுப்பது நியாயமில்லை.

லென்ஸைத் துடைப்பது எப்படி? நானே செய்யலாமா?

செய்யலாம். லேப்டாப் டிரைவின் ஒரு வசதி இது: தட்டை வெளியே இழுத்தால் லென்ஸ் தட்டோடு வந்துவிடும். நீலம் பூத்த, மிளகை விடச் சற்றே பெரிய கண்ணாடிக் கண். எதையும் கழற்றத் தேவையில்லை.

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். தட்டு வெளியே வராவிட்டால் அடுத்த கேள்வியில் வழி இருக்கிறது. கேமரா துடைக்கப் பயன்படும் ரப்பர் காற்றுக்குமிழால் முதலில் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியின் நுனியை நனைத்து, அதிகப்படியானதைத் தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, லென்ஸ் மேல் மெதுவாக ஒரு வட்டம். உடனே உலர்ந்த குச்சியால் இன்னொரு வட்டம். அவ்வளவுதான். லென்ஸ் தலைமயிரை விட மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. உறங்கும் குழந்தையின் கண்ணில் பீளை எடுக்கும்போது எவ்வளவு அழுத்துவீர்களோ, அதற்கு மேல் வேண்டாம். ஐந்து நிமிடம் உலரவிட்டு மூடுங்கள்.

எதைப் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். நெயில் பாலிஷ் நீக்கி கூடாது; அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக் லென்ஸை வெண்மையாக்கிவிடும். கை சானிடைசர் கூடாது. தோல் வறளாமல் இருக்க அதில் சேர்க்கும் கிளிசரின் லென்ஸில் படலமாக நிற்கும். தேங்காய் எண்ணெய், வேட்டி நுனி, சட்டைக் காலர், எதுவும் கூடாது.

இந்தப் பக்கத்து லென்ஸ்களில் நான் காணும் அழுக்கு இரண்டு வகை. ஒன்று, நெடுஞ்சாலையோரத்து வீடுகளில் படியும் மண்தூசி. இன்னொன்று சாம்பிராணி, கற்பூரம், ஊதுவத்திப் புகை. பூஜை அலமாரிக்கு அடியில் லேப்டாப் வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் அதிகம். அந்தப் புகையின் பிசுக்கில் தூசி ஒட்டிக்கொண்டால் காற்றுக்குமிழ் ஒன்றும் செய்யாது, ஆல்கஹால்தான் வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுவாரம் என் மேசையில் கூட்டம் சேரும். பொட்டு மூடியின் மேல் வைத்தால் போதும். ஒரு வீட்டில் பக்தி மிகுந்து தட்டைத் திறந்து லென்ஸுக்கே விபூதி பூசியிருந்தார்கள். விபூதி மென்மையாகத் தெரிந்தாலும் லென்ஸுக்கு அது உப்புத்தாள். தேய்க்காமல் முதலில் ஊதித்தான் எடுக்க வேண்டும்.

பிரஷ் வைத்த 'லென்ஸ் கிளீனர்' சிடி கிடைக்கிறதே, அது போதாதா?

மெல்லிய லேப்டாப் டிரைவுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வேகமாகச் சுற்றும் பிரஷ் அந்தக் கம்பிகளின் மேல் அடிக்கும். கையால் ஒரு நிமிடத்தில் தொடக்கூடிய லென்ஸுக்குச் சாட்டையடி எதற்கு?

தட்டு திறக்கவே மாட்டேன் என்கிறது. உள்ளே சிடி மாட்டியிருக்கிறது.

முகப்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை இருக்கும். ஜெம் கிளிப்பை நீட்டி, லேப்டாப் அணைந்திருக்கும்போது, நேராக உள்ளே தள்ளுங்கள். உள்ளே ஒரு கொக்கி விடுபட்டுத் தட்டு அரை அங்குலம் வெளியே வரும், மீதியைக் கையால் இழுக்கலாம். ஊசி வேண்டாம், அது வளைந்து வேறெதையாவது குத்தும். வாய் போன்ற பிளவுக்குள் சிடியைச் செருகும் வகை லேப்டாப்புகள் பலவற்றில் இந்த ஓட்டை இருக்காது. அவற்றைக் கத்தி விட்டு நெம்பாமல் கொண்டு வாருங்கள்.

காலையில் படிக்கிறது, மதியம் படிப்பதில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை, இது வெயிலூர் வியாதி. சித்திரை, வைகாசியில் இங்கே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது செய்தியே அல்ல. லேசர் டையோடு சூடாக ஆக, அதே ஒளியைத் தர அதற்கு அதிக மின்னோட்டம் வேண்டும். புதிய டையோடு ஈடுகொடுத்துவிடும். பதினைந்து வருடம் தேய்ந்தது ஏற்கெனவே தன் உச்சத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அறை சூடு, அடியிலுள்ள பிராசஸர் சூடு இரண்டும் சேர்ந்தால் கையை விரித்துவிடும். அப்படிப்பட்ட டிரைவில் வேலை இருந்தால் விடியற்காலையில் முடித்துக்கொள்ளுங்கள். மெத்தை மேல் வைக்காமல், அடியில் காற்று போக இரண்டு மரக்கட்டைகள் கொடுங்கள்.

மார்கழியில் இதே டிரைவ் எதிர்மாறாக நடக்கும்: காலையில் முரண்டு பிடித்து, அரை மணி நேரம் ஓடிய பிறகு படிக்கும். அது லேசர் அல்ல, வண்டி நகரும் தண்டில் இறுகிப்போன பழைய கிரீஸ். டிரைவைக் கழற்றி, பழைய கிரீஸை முழுவதும் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு துளி, அரிசி மணி அளவு, தடவினால் தீரும். தையல் மிஷின் எண்ணெய் ஊற்றாதீர்கள். அது வழிந்து லென்ஸில் ஏறும்.

ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து உடனே போட்டால் படிக்காததற்குக் காரணம் லென்ஸில் பூத்த ஈரம். ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

படச் சிடி எல்லாம் ஓடுகின்றன. எங்கள் கல்யாண சிடி மட்டும் ஓடவில்லை, சார்.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் மனம் உடைகிற கேள்வியும் இதுதான்.

கடையில் வாங்கும் பட வட்டில் தகவல் அச்சாக, குழிகளாகப் பதிந்திருக்கிறது. ஸ்டூடியோக்காரர் பதிந்து தந்த வட்டில் குழிகள் கிடையாது. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கும். பதிவு செய்யும் லேசர் அதைச் சுட்டு நிறம் மாற்றியிருக்கும். சாயம் என்றால் உங்களுக்குத் தெரியும், வெயிலில் வெளுக்கும். ஜன்னலோர அலமாரியிலும் டிவிக்கு மேலேயும் பல கோடைகளைக் கழித்த வட்டில் அந்த நிற வேறுபாடு மங்கிவிடுகிறது. புதிய டிரைவுக்கு அது இன்னும் தெரியலாம், தேய்ந்த டிரைவுக்குத் தெரியாது. ஆகவே உங்கள் லேப்டாப் மறுத்துவிட்டதென்று வட்டைத் தூக்கி எறியாதீர்கள். நான் நாலு டிரைவ்களில் போட்டுப் பார்ப்பேன். ஒன்று மறுத்ததை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடக்கும்.

இன்னொரு காரணம், பதிந்தவர் வட்டை மூடாமல் விட்டிருப்பார். பதிவு முடிந்ததும் 'இனி எதுவும் சேர்க்க முடியாது' என்று முத்திரையிடும் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. அதைச் செய்யாத வட்டு பதிந்த டிரைவில் மட்டும் தெரியும், வேறெங்கும் வெற்று வட்டாகத் தெரியும். பதிந்த அதே கருவி கிடைத்தால் அதில் போட்டு மூடிவிடலாம். வீட்டில் டிவிடி ரெக்கார்டரில் பதிந்தவற்றில் இதை நிறையப் பார்க்கிறேன்.

மூன்றாவது, அந்த அழகான ஸ்டிக்கர். மணமக்கள் படம் போட்டு வட்டின் முதுகில் ஒட்டியிருப்பார்கள். லேப்டாப் டிரைவ் 24 மடங்கு வேகத்தில் சிடியைச் சுற்றும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 சுற்று. கொஞ்சம் நடு விலகி ஒட்டியிருந்தாலும் வட்டு அதிரும், ஒளி தடத்தைத் தவறவிடும். போதாததற்கு வெயிலில் பசை சுருங்கி வட்டையே கிண்ணம் போல் வளைத்துவிடும். உரித்துப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். சிடியில் தகவல் அடுக்கு முதுகுப் பக்கத்து மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. ஸ்டிக்கரோடு மாப்பிள்ளையும் வந்துவிடுவார். சிடி எழுதும் மென்பொருள்கள் சிலவற்றில் படிக்கும் வேகத்தையும் குறைக்க வழி உண்டு. நாலு மடங்கு வேகத்துக்கு இறக்கினால் அதிர்வு அடங்கி, பல ஸ்டிக்கர் வட்டுகளை டிரைவ் படித்துவிடுகிறது.

கீறலுக்குப் பற்பசை தேய்க்கலாம் என்கிறார்களே?

எந்தப் பக்கத்துக் கீறல் என்பதுதான் முக்கியம். மினுங்கும் அடிப்பக்கக் கீறல் வெறும் பிளாஸ்டிக்கில் விழுந்தது, 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வட்டில் ஒளி அந்தக் கீறலைத் தாண்டி உள்ளே குவிகிறது, பிழை திருத்தும் கணக்கும் துணைக்கு இருக்கிறது. சிறு கீறல்கள் பெரிய குற்றமில்லை. வெள்ளைப் பற்பசையை மெல்லிய ஈரத்துணியில் எடுத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் தேய்த்தால் ஆழமில்லாத கீறல் மழுங்கும், உண்மைதான். வட்டமாகத் தேய்த்தால் தடத்தின் போக்கிலேயே புதுக் கீறல் விழும். ஜெல் பற்பசையால் பயனில்லை. வாழைப்பழம் வேலை செய்ததை நான் பார்த்ததில்லை, பழத்தைச் சாப்பிடுங்கள்.

சிடியின் எழுத்துப் பக்கத்தில் கீறல் விழுந்தால் அது கெட்ட செய்தி. வட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வானத்து மீன் போல் ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சே உதிர்ந்துவிட்டது. எந்தப் பசையும் அதைத் திருப்பித் தராது. டிவிடியில் தகவல் அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் முதுகுக் கீறலை அது தாங்கிக்கொள்ளும்.

'மை கம்ப்யூட்டர்' பக்கத்தில் டிரைவே காணவில்லை.

விண்டோஸைக் கேட்காதீர்கள், அதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் பயாஸைக் கேளுங்கள். இயக்கியதும் எஃப்2 அல்லது டெலிட் விசையைத் தட்டி உள்ளே போனால், அங்கே டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரியாவிட்டால் இணைப்பு. லேப்டாப்பைக் கவிழ்த்தால் டிரைவைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்குரு இருக்கும். அதைக் கழற்றினால் டிரைவ் அலமாரி இழுப்பறை போல் வழுக்கிக்கொண்டு வரும். இணைப்பு முனையை ஆல்கஹாலால் துடைத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள். பஸ்ஸிலும் பைக்கிலும் குலுங்கிய லேப்டாப்புகளில் இதுவே போதுமாக இருக்கும்.

பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால் குற்றவாளி மென்பொருள். லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் 'டிவைஸ் மேனேஜர்' பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்கும் டிரைவை 'அன்இன்ஸ்டால்' செய்து, மறுபடி இயக்கிப் பாருங்கள். அப்படியும் வராமல் பிழை எண் 19, 31, 39, 41 என்று ஏதாவது காட்டினால், எப்போதோ நிறுவி நீக்கிய சிடி எழுதும் மென்பொருள், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுப்போன 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு வரிகள் காரணமாக இருக்கலாம். சிடி டிரைவுக்கான பகுதியில் உள்ள அவற்றை மட்டும் நீக்க வேண்டும். அதே பெயர்கள் வேறு பகுதிகளிலும் இருக்கும். அங்கே கை வைத்தால் விண்டோஸே எழாது. ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் தீர ஒரே சோதனை: விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் உள்ள சிடி ஒன்றிலிருந்து லேப்டாப்பை எழுப்பிப் பாருங்கள். எழுந்தால் டிரைவ் நிரபராதி.

படிக்கிறது, ஆனால் ஆமை வேகம். லேப்டாப்பே உறைந்துபோகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி என்றால் ஒரு பழைய நோய். கீறல் வட்டு ஒன்றைப் படிக்கும்போது பிழைகள் ஆறு சேர்ந்துவிட்டால் எக்ஸ்பி அந்த டிரைவின் வேகத்தை ஒரு படி இறக்கும். இறங்கி இறங்கிக் கடைசியில் 'பிஐஓ' என்ற அடிமட்ட முறைக்கு வந்து நிற்கும். பிறகு நல்ல வட்டைப் போட்டாலும் தானாக ஏறாது. டிவைஸ் மேனேஜரில் டிரைவ் இருக்கும் ஐடிஇ சேனலை (டிரைவைக் கணினியோடு இணைக்கும் பழைய வகை வழி) 'அன்இன்ஸ்டால்' செய்து மறுபடி இயக்கினால் பழைய வேகம் திரும்பும்.

கோப்புகள் தெரிகின்றன, டிவிடி படம் மட்டும் ஓடவில்லை.

டிரைவ் நன்றாக இருக்கிறது. எக்ஸ்பியில் டிவிடி படத்தைப் பிரிக்கும் மென்பொருள் கூடவே வருவதில்லை. படம் ஓட்டும் இலவச மென்பொருளான விஎல்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பிய படமென்றால், எந்தப் பகுதி நாடுகளுக்கானது என்று குறிக்கும் மண்டல எண்ணையும் பாருங்கள்: இந்தியா 5, வளைகுடா நாடுகள் 2, அமெரிக்கா 1. டிரைவின் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு பூட்டிக்கொள்ளும்.

மருத்துவமனையில் கொடுத்த ஸ்கேன் சிடி என் லேப்டாப்பில் திறக்கவில்லை.

வேலூரில் இதைக் கேட்காத வாரமில்லை. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருப்பவர்கள்கூடக் கேட்டு வருவார்கள். ஸ்கேன் படங்கள் சாதாரணப் புகைப்படங்கள் அல்ல, டைகாம் என்ற மருத்துவ வடிவம். வட்டிலேயே அதைக் காட்டும் சிறு மென்பொருளும் இருக்கும், ஆனால் பல சமயம் அது எக்ஸ்பியில் இயங்காது. உள்ளே கோப்புகளின் பெயர்கள் தெரிந்தால் டிரைவைக் குறை சொல்லாதீர்கள். மொத்தத்தையும் அப்படியே பென்டிரைவில் நகலெடுத்துப் புதிய கணினியில் திறங்கள். தனித்தனிக் கோப்பாகப் பொறுக்கி எடுக்க வேண்டாம், அடுக்கு கலைந்தால் பார்வையாளர் மென்பொருள் தடுமாறும்.

கடைக்காரர் லேசர் 'பவரை' ஏற்றித் தருகிறேன் என்கிறார். சரியா?

சில டிரைவ்களில் லேசரின் மின்னோட்டத்தைத் திருகிக் கூட்டும் குட்டி ஸ்குரு உண்டு. கூட்டினால் செத்த டிரைவ் எழுந்து உட்காரும், மறுக்க மாட்டேன். கிழட்டு மாட்டுக்குச் சாட்டை. சில வாரம், சில நாள், சில சமயம் அன்று மாலை வரை. நான் தொழில் கற்ற புதிதில் ஒருவருக்கு இப்படிச் செய்து கொடுத்து, நல்ல பெயரும் வாங்கி, பத்தாம் நாள் அதே திண்ணையில் வசவும் வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு வட்டை ஒரே ஒரு தடவை படித்தால் போதும், டிரைவ் போனாலும் பரவாயில்லை என்றால் மட்டும் சம்மதியுங்கள். வீட்டில் தானே திறந்து செய்து பார்க்கிறவர்களுக்கு: டிரைவில் மின்சாரம் பாயும்போது லென்ஸுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். சிடி லேசரின் ஒளி ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது. கண்ணைக் கெடுக்க அது தெரிய வேண்டியதில்லை.

வேறு டிரைவ் வாங்க வேண்டுமானால் எதைப் பார்த்து வாங்குவது?

பழைய டிரைவைக் கையோடு கொண்டு போங்கள், வாயால் வர்ணிக்க வேண்டாம். மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும். தடிமன் 12.7 மில்லிமீட்டரா, 9.5ஆ. இணைப்பு 50 முனை கொண்ட பழைய ஐடிஇயா, தட்டையான சாட்டாவா. மூன்றாவது, முகப்புப் பிளாஸ்டிக். இது பொருந்தாவிட்டாலும் கவலை இல்லை, பழையதிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்ளலாம். ஐடிஇ வகை இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் கழற்றிய சரக்கில் தேடலாம். வாங்குமுன் கையில் கொண்டுபோன மூன்று வட்டுகளையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வெளியே செருகும் யூஎஸ்பி டிரைவ் இதை விட எளிது. எக்ஸ்பிகூட அதைத் தானாக அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் மிகப் பழைய லேப்டாப்பின் ஒற்றை யூஎஸ்பி துளை 500 மில்லிஆம்பியருக்கு மேல் தராது, வட்டு சுற்றத் தொடங்கும்போது அது போதாமல் 'டிக் டிக்' என்று திணறும். இரண்டு துளைகளில் செருகும் இரட்டைத் தலைக் கேபிள் அதற்கு மருந்து. உண்மையில் வட்டிலுள்ளதுதான் வேண்டும் என்றால் பழைய லேப்டாப்பையே விட்டுவிட்டு, யூஎஸ்பி டிரைவைப் புதிய கணினியில் செருகுங்கள்.

ஒருவழியாகப் படித்துவிட்டது! இப்போது என்ன செய்ய?

படம் பார்க்க உட்காராதீர்கள். முதலில் நகல். இன்று படித்தது நாளை படிக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. வீட்டார் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருந்து கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

கோப்பு கோப்பாக இழுத்துப் போட்டால் முதல் பிழையிலேயே விண்டோஸ் நின்றுவிடும். முழு வட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுப்பது மேல். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி இதற்கென்றே இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து மறுபடி மறுபடி முயலும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்பும் எழுதிவைக்கும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு வேறொரு டிரைவில் அதே வட்டைப் போட்டால், விடுபட்ட துண்டுகளை மட்டும் நிரப்பும். ஆம்பூர்க் கல்யாணம் ஒன்றை மூன்று டிரைவ்களில், இரண்டு இரவுகளில், இப்படித் தைத்து எடுத்தேன். உறையில் 'வேலூர் மாவட்டம்' என்று அச்சாகியிருந்தது. 2019இல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. தாலி கட்டும் இடத்தில் மூன்று நொடி மட்டும் கட்டங்கட்டமாகச் சிதறியது. அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, 'அன்றைக்கும் புகையில் எதுவும் சரியாகத் தெரியவில்லை' என்றார்.

ஒரு டிவிடி 4.7 ஜிபி, இரட்டை அடுக்கானால் 8.5. இன்றைய ஹார்டு டிஸ்கில் அது ஒரு மூலை. இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில்.

டிரைவைக் கழற்றி எறிந்துவிட்டேன். அந்த ஓட்டை அப்படியே இருக்கலாமா?

வேண்டாம். டிரைவ் அளவிலேயே ஒரு சட்டகம் கிடைக்கும். அதில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்புத் தகட்டை மாட்டிச் செருகினால் பழைய லேப்டாப் கொஞ்சம் இளமையாகும். அது வேண்டாமென்றால் பழைய டிரைவின் வெறும் கூட்டையாவது திரும்பச் செருகி வையுங்கள். பள்ளிகொண்டாவிலிருந்து வந்த ஒன்றில் அந்த இடம் ஆறு மாதம் திறந்து கிடந்தது. கவிழ்த்துத் தட்டினேன், கறுப்பு எறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு மேசை முழுவதும் ஓடின, பின்னாலேயே ஒரு பல்லியும் இறங்கி வந்தது.